தாரி மொழியில் கணிதம் கற்பிக்க ஓர் ஆசிரியை தேவை

மெல்பர்னின் டாண்டெனாங் பகுதியில் நான் தன்னார்வலராக உதவிவரும் ஆப்கானிய ஹசாரா குடும்பத்தின் மூத்த மகளுக்காக இதை எழுதுகிறேன். 2021 செப்டம்பரில் தாலிபான் ஆட்சி, ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவிகளுக்குப் பள்ளிகளைத் திறக்க மறுத்ததால், அவளுடைய படிப்பு அத்துடன் நின்றுபோனது. இங்கோ, வயதைக் கணக்கில்கொண்டு பத்தாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். பெரிய வகுத்தல் கணக்கையும் தாரி எண்களில் பிழையின்றிப் போடுபவள், இயற்கணிதத்தில் எக்ஸ் வந்ததும் பேனாவை மூடிவைத்துவிடுகிறாள்.

புதிதாக வந்தோருக்கான ஆங்கில வகுப்பை முடித்துவிட்டாள். நூலகத்தின் வீட்டுப்பாடக் குழுவுக்கும் அழைத்துச் சென்றேன். அங்கே ஆங்கிலத்தில் மட்டுமே விளக்குகிறார்கள். கீழ்வகுப்புக்கு மாற்றப் பள்ளி ஒப்பவில்லை, சின்னப் பிள்ளைகளோடு உட்கார அவளுக்கும் மனமில்லை.

ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான கணிதத்தை, நேரிலோ காணொளியிலோ தாரியில் கற்பிக்கக்கூடிய ஆசிரியை எவரையேனும் உங்களுக்குத் தெரியுமா?