பழைய பிக்கப்: என்ஜின் கொதிக்கவில்லை, டெம்பரேச்சர் முள் மட்டும் சிவப்பில் நிற்கிறது

கேள்வி:
வணக்கம். பழைய டீசல் பிக்கப், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எதுவும் கிடையாது. கொஞ்ச தூரம் ஓடியதுமே டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விடுகிறது. ஆவி இல்லை, கூலன்ட் குறையவில்லை, இழுவையும் குறையவில்லை. மெக்கானிக் சென்சாரை மாற்றிப் பார்த்தார், அப்படியேதான் இருக்கிறது. அடுத்து ரேடியேட்டரைக் கழற்றலாம் என்கிறார். கழற்றத்தான் வேண்டுமா?

பதில் 1:
முள் பொய் சொல்கிறது என்று உறுதியாகும்வரை அது காட்டுவது உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) ஹவுசிங்கைப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் குறைத்துக் காட்டும், அதனால் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள். 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் என்ஜினில் பழி இல்லை. சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேட்டவர்:
86 டிகிரி. அப்போதும் முள் சிவப்பில்தான்.

பதில் 2:
அப்படியானால் ரேடியேட்டரை விட்டுவிடுங்கள் சார். சாவியை ஆன் செய்து, சென்சாரில் உள்ள ஒற்றை ஒயரைக் கழற்றுங்கள். முள் 'சி'க்கு, அதாவது குளிர் பக்கத்துக்கு, இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஒயர் வழியில் எங்கோ பாடியில் உரசுகிறது. சூடு ஏற ஏற மின்தடை குறைகிற சென்சார் இது. ஒயர் நேராக எர்த் ஆனால், அதாவது பாடியைத் தொட்டால், என்ஜின் கொதிக்கிறது என்றுதான் கேஜ் காட்டும். அப்புறம், டீசல் முள் எப்படி இருக்கிறது?

கேட்டவர்:
கழற்றியதும் 'சி'க்கு வந்துவிட்டது. டீசல் முள்ளா? பாதி டேங்குக்கு முக்கால் காட்டும். அது வேறு கோளாறு என்றல்லவா மெக்கானிக் சொன்னார்! இரவில் ஹெட்லைட் போட்டால் இரண்டு முள்ளும் இன்னும் கொஞ்சம் ஏறுகின்றன.

பதில் 2:
விஷயம் அங்கேதான். இரண்டும் சேர்ந்து ஏறினால் இரண்டுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும். பல பழைய வண்டிகளில் மீட்டர் போர்டுக்குப் பின்னால் சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒன்று இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டைக் குறைத்துத்தான் இரண்டு கேஜுக்கும் அனுப்பும். அதன் எர்த் பலவீனமானால் கேஜுக்குக் கூடுதல் வோல்டேஜ் போகும். விளக்கு எரிந்தால் அதே எர்த்தில் இன்னும் கரண்ட் பாய்ந்து, முள் மேலும் ஏறும்.

ஹெட்லைட் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை மீட்டர் போர்டின் எர்த்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை. ரெகுலேட்டரின் அவுட்புட்டை அளந்து பயந்துவிடாதீர்கள். பைமெட்டல் வகை (சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு உள்ளது) விட்டுவிட்டுத்தான் கரண்ட் அனுப்பும், மீட்டர் ஆடிக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்:
1.4 வோல்ட்! டேஷ்போர்டுக்கு அடியில் எர்த் ஒயரின் வளையத்தைப் பெயிண்ட் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள், பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டியதும் 0.03. டெம்பரேச்சர் முள் இப்போது பாதிக்குச் சற்றுக் கீழே, டீசல் முள்ளும் சரியாகக் காட்டுகிறது. நன்றி சார்.

பதில் 3:
எனக்குத் தலைகீழ். புது சென்சார் போட்டதிலிருந்து முள் 'சி'யை விட்டு எழவே இல்லை.

பதில் 2:
சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினார்களா? ஒற்றை ஒயர் சென்சாருக்கு என்ஜின் பாடிதான் எர்த், டேப் அந்தத் தொடர்பைத் தடுத்துவிடலாம். என்ஜின் ஆறியபின் கழற்றி, டேப்பை எடுத்துவிட்டு மாட்டுங்கள். அப்போதும் எழாவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் அதுதான்.