நீலத் தலைக்கவசம் அணிந்து பணியாற்றிய நாட்கள்: அனுபவப் பகிர்வு

காலாட்படையில் இருந்தவர், தென் சூடான்

அமைதி காக்கும் பணிக்குச் சென்று திரும்பியவரைப் பார்த்து எல்லோரும் முதலில் கேட்பது, அங்கே சண்டை நடந்ததா, உயிருக்கு ஆபத்து இருந்ததா என்பதைத்தான். ஆபத்து இருந்தது. 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை இந்தப் பணியைத் தொடங்கியதிலிருந்து 4,000-க்கும் மேற்பட்டோர் இதில் உயிரிழந்திருக்கிறார்கள். ஆனால் என்னோடு பணியாற்றியவர்கள் உறக்கம் வராத இரவுகளில் பேசியது தங்கள் உயிரைப் பற்றி அல்ல. தாங்கள் கையில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்த இடத்துக்கு அருகிலேயே பிறருக்கு நேர்ந்தவற்றைப் பற்றித்தான் பேசினார்கள். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

2013 டிசம்பரில் தலைநகர் ஜூபாவில் மூண்ட சண்டை நாடு முழுவதும் பரவியபோது, உயிர் தப்ப ஓடிவந்த மக்களுக்கு அமைதிப்படைத் தளங்களின் வாயில்கள் திறந்துவிடப்பட்டன. சில நாட்களுக்கான அடைக்கலம் என்று எல்லோரும் நினைத்தது பல ஆண்டுகளுக்கு நீண்டது. பென்டியு முகாமில் மட்டும் ஒரு கட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தார்கள். 2014-ஆம் ஆண்டு மழையில் அங்கே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதும், தாய்மார்கள் குழந்தைகளைக் கையில் ஏந்தியபடி நின்றே இரவைக் கழித்ததும் அந்தக் காலத்தில் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு உள்ளே உயிருக்குப் பாதுகாப்பு இருந்தது. அடுப்பெரிக்க விறகு வேலிக்கு வெளியேதான் கிடைத்தது. விறகுக்குப் போகும் பெண்கள் வழியில் மறிக்கப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாவது வழக்கமாகிவிட்டதால், குறிப்பிட்ட நாட்களில் அவர்களோடு நாங்களும் ரோந்து செல்வோம்.

வரிசையின் முன்னே வயதான ஒரு பெண் நடப்பார். புறப்படும்போது வாயிலில் நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு பெண்ணின் தோளையும் தொட்டு எண்ணிக்கொள்வார். திரும்பும்போதும் அப்படியே எண்ணுவார். நானும் என் பங்குக்கு எண்ணுவேன். கணக்கு ஒத்துவந்ததும் அவர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. இந்தக் கணக்கு ஒன்றுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. ஒரு மாலையில் ஒருவர் குறைந்தார். மழையில் சகதியாகிவிட்ட பாதையில் வண்டி போகாது; இருட்டிய பின் வேலிக்கு வெளியே கால்நடையாகச் செல்லக் கூடாது என்பது விதி. அதே நாட்டில் 2013 ஏப்ரல் 9 அன்று குமுருக் அருகே, பாதுகாப்புக்குச் சென்ற ஐந்து இந்திய வீரர்கள் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டதை அறிந்த எவரும் அந்த விதியைக் குறை சொல்ல மாட்டார். நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதான பெண், விறகுக் கட்டைத் தலையிலிருந்து இறக்கிக்கூட வைக்காமல், நான் என்ன செய்யப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காரணத்தை அவருக்கு விளக்கிச் சொல்ல மொழிபெயர்ப்பாளரும் அப்போது இல்லை.

காணாமற்போன பெண் மறுநாள் காலையில் தானே நடந்து வந்துவிட்டார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கான பயிற்சியும் எங்களுக்கு இல்லை. அவரை நேராக மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்கள். அடுத்த விறகு நாளில் வரிசை வழக்கம்போலப் புறப்பட்டது, எண்ணிக்கையும் நடந்தது. அந்த முதியவர் மட்டும் அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

போருக்குப் போகும் வீரனுக்கு எதிரி இன்னார் என்று தெரியும். எங்களிடம் ஒப்படைக்கப்பட்டதோ மூன்று கோட்பாடுகள்: சண்டையிடும் தரப்புகளின் சம்மதம், எவர் பக்கமும் சாராமை, தற்காப்புக்கும் ஒப்படைக்கப்பட்ட ஆணையைக் காப்பதற்கும் மட்டுமே படைபலம். இவை சரியானவை என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். ஆனால் இவற்றைக் கடைப்பிடிப்பவனின் மனத்தில் என்ன நடக்கும் என்று புறப்படும் முன் எவரும் எங்களோடு உட்கார்ந்து பேசவில்லை.

கண்காணிப்பு நிலையில் பணியாற்றியவர், தெற்கு லெபனான்

மேலே எழுதியவரைப் போன்ற அனுபவம் எனக்கு இல்லை. எங்களை அரித்தது எதுவுமே நடக்காத நாட்கள். லெபனானையும் இஸ்ரேலையும் பிரிக்கும், சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள நீலக்கோடு என்ற எல்லைக்கோட்டின் ஒரு பகுதியைக் காவல் கோபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த வண்டி, எந்த நேரம், எந்தத் திசை என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நீலம் பூசிய பீப்பாய்கள், அவற்றுக்கு இப்பக்கம் ஒலிவ மரங்கள், மரங்களுக்கிடையே தினமும் வரும் ஒரு விவசாயி. அவர் கையசைத்தால் நாங்களும் கையசைப்போம். அவர் வராத நாளில் எங்களில் ஒருவராவது காரணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம். பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதர்மேல் அத்தனை கவலை ஏற்பட்டது எனக்கே வியப்பாக இருந்தது.

அதே நிலப்பரப்பில், கியாம் ஊரில், 2006 ஜூலை 25 அன்று கண்காணிப்பு நிலைமீது விழுந்த குண்டில் ஆயுதமில்லாத நான்கு பார்வையாளர்கள் இறந்தார்கள். ஆஸ்திரியா, கனடா, சீனா, பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்தவர்கள். எங்கள் சலிப்புக்கு அடியில் அந்த நினைவு எப்போதும் கிடந்தது. வானத்தில் விமானச் சத்தம் சற்றே மாறினாலும் பேச்சு நின்றுவிடும். வீட்டிலிருந்து தொலைபேசியில் கேட்கும்போது, “இங்கே ஒன்றுமில்லை, எல்லாம் அமைதியாக இருக்கிறது” என்று சொல்வேன். அது பொய் அல்ல. அதற்கு மேல் என்னால் எதையும் சொல்ல முடியவில்லை. வீட்டார் தங்கள் சிரமங்களைச் சொல்லும்போதும் எனக்குப் பதில் சொல்ல எதுவும் தோன்றாது. நாளாக ஆக அழைப்புகள் குறுகின. திரும்பிய பிறகும் அந்தக் குறுகிய பேச்சுதான் எங்களுக்குள் நெடுநாள் பழக்கமாக இருந்தது.

மகளிர் தொடர்புக் குழுவில் இருந்தவர், கிழக்குக் கொங்கோ

ஆண் வீரர்களிடம் சொல்லாததை ஊர்ப் பெண்கள் எங்களிடம் சொல்வார்கள் என்ற எண்ணத்தில் இத்தகைய குழுக்கள் அமைக்கப்படுகின்றன. அது உண்மைதான். ஆனால் இடம்பெயர்ந்தோர் முகாமில் முதன்முறை உட்கார்ந்தபோது அவர்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லவில்லை. எங்களைத்தான் கேள்வி கேட்டார்கள். இதே நீலத் தொப்பி அணிந்தவர்கள் பெண்களிடமும் சிறுமிகளிடமும் தவறாக நடந்திருக்கிறார்களே, உங்களை எப்படி நம்புவது என்றார்கள். நியாயமான கேள்வி அது. பணம், உணவு, வேலை ஆகியவற்றைக் காட்டிப் பாலுறவு கொள்வதை ஐக்கிய நாடுகள் சபை 2003-லேயே முற்றாகத் தடை செய்திருக்கிறது. அப்படியிருந்தும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் எழுந்த குற்றச்சாட்டுகளால் 2015-இல் அங்கிருந்த பணியின் தலைவரே பதவி விலக நேர்ந்தது. சிலர் செய்த கொடுமையின் வெட்கத்தை ஏனைய அனைவரும் சுமந்துகொண்டுதான் அந்த மக்களின் முன் உட்கார வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை எங்களுக்கு உரியதே என்பதில் எனக்கு ஐயமில்லை. பாதிக்கப்பட்டவர்கள் அந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

அவர்கள் பேசத் தொடங்கியது பல வாரங்களுக்குப் பிறகு. எங்கள் பகுதிக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. உள்ளூர் இளைஞர் ஒருவர்தான் உடன் வந்தார். மொழிபெயர்ப்பவர் சொல்பவரின் இடத்தில் நின்றே பேசுவது முறை. ஆகவே, “என்னை இழுத்துச் சென்றார்கள், என் மகளைக் கண்முன்னே கொன்றார்கள்” என்று ஒரு தாய் சொன்னவற்றை, அந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு, தன் குரலில், “என்னை”, “என் மகளை” என்றே எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனார். அவர் திரும்பி வரும்வரை அந்தத் தாய் எங்களோடு அமைதியாகக் காத்திருந்தார். வந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார். பேச்சு முடிந்ததும் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அந்தத் தாய்தான்.

எங்களுக்குப் பணிக்காலம் முடியும், விமானம் வரும், ஊருக்குத் திரும்புவோம். அந்த இளைஞருக்கு அதுதான் ஊர். ஒவ்வொரு கொடுமையையும் அவர் இருமுறை கேட்கிறார், ஒருமுறை தன் மொழியில், மறுமுறை தன் வாயாலேயே. எங்கள் மனநலத்துக்குச் சிறிதேனும் ஏற்பாடு இருந்தது; அவருக்கு எதுவும் இல்லை. 2022 ஜூலையில் கிழக்குக் கொங்கோவின் கோமா, புடெம்போ நகரங்களில் மக்கள் அமைதிப்படைத் தளங்களைத் தாக்கியபோது, எங்களோடு வேலை செய்தவர் என்பதால் அவருக்கு என்ன ஆகுமோ என்றுதான் முதலில் பதறினேன். புடெம்போவில் அமைதிப்படையினர் மூவர் கொல்லப்பட்டார்கள். போராடிய மக்களிலும் பலர் இறந்தார்கள். காப்பாற்ற வந்தவர்கள்மேல் கல்லெறிகிறார்களே என்று என் தோழிகள் சிலர் மனம் உடைந்தார்கள். எனக்கு வருத்தமிருந்தது, கோபமில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீலக்கொடியைப் பார்த்துக்கொண்டே சொந்த வீட்டை இழந்துவரும் மக்கள் வேறு யாரிடம் கேட்பார்கள்?

படை மருத்துவர்

முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் விவரித்தது அச்சத்தால் வரும் பாதிப்பு அல்ல. செய்ய வேண்டும் என்று உள்ளம் சொன்னதைச் செய்ய இயலாமற்போனதால் மனசாட்சியில் விழும் காயம் அது. அமைதிப் பணியிலிருந்து திரும்பியவர்களிடம் நான் அதிகமாகப் பார்த்ததும் இதையே. ருவாண்டா இனப்படுகொலையின்போது, 1994 ஏப்ரல் 11 அன்று, தலைநகர் கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் சுமார் 2,000 பேர் அடைக்கலம் புகுந்திருக்க, அவர்களைக் காத்துநின்ற பெல்ஜியப் படை ஆணைப்படி வெளியேறியது. அவர்களில் பெரும்பாலானோர் சில மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டார்கள். ருவாண்டாப் பணியின் தளபதியாக இருந்த கனடாவின் ரோமியோ டலேர், திரும்பிய பின் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகி, 2000-ஆம் ஆண்டில் மருத்துவக் காரணத்தால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் அதை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசியதால்தான் பல வீரர்கள் சிகிச்சைக்கு வரத் துணிந்தார்கள். 1995-இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000 பேர் கொல்லப்பட்டதைத் தடுக்க இயலாத, அங்கே அமைதிப்படையாக இருந்த டச்சு வீரர்களிடம், போதிய பலமும் ஆதரவும் இல்லாமல் அவர்களை அனுப்பியதற்காக அவர்கள் நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2022-இல். அதுவரையிலான 27 ஆண்டுகளும் அவர்களில் பலர் உயிர்நீத்தவர்களின் குடும்பங்களையும் தங்களைத் தூற்றியவர்களையும் ஒருசேர எதிர்கொண்டு வாழ்ந்தார்கள்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் எல்லாம் நன்றாகவே தெரியும். சில மாதங்கள் கழித்துத்தான் அற்பச் சண்டைகளைக் கேட்டால் அடக்க முடியாத சினம், கூட்டத்தில் நிற்க இயலாமை, மதுவின்மேல் சாய்வு என்று ஒவ்வொன்றாக வெளிப்படும். உறக்கமின்மையும் மீண்டும் மீண்டும் வரும் காட்சிகளும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தருவதையும் பார்த்திருக்கிறேன். குடும்பத்தார் என்ன நடந்தது என்று துருவிக் கேட்க வேண்டியதில்லை. அங்கே உங்களோடு யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்; பெரும்பாலும் பேச்சு அங்கிருந்து தானாகவே தொடங்கும்.

படையதிகாரிகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய பிரிட்டன், கனடா வீரர்களைச் சில நாட்கள் சைப்ரஸில் ஒன்றாகத் தங்கவைத்து, ஓய்வெடுக்கவும் தமக்குள் பேசவும் விட்ட பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். அமைதிப் பணியில் இருப்பவர்களோ பல நேரங்களில் முகாமிலிருந்து நேரே விமானம் ஏறி, அடுத்த நாளே வீட்டு வாசலில் நிற்கிறார்கள். இடையில் அப்படிச் சில நாட்களை, மொத்தப் படைப்பிரிவும் ஒன்றாக இருக்கும்போதே, திரும்பும் பயணத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.