மாசமா இருக்கப்ப போட்ட ஊசிக்கு கை வீங்கி காய்ச்சல் வந்துச்சு, ரெண்டாவது ஊசி போடலாமா?

செல்லம்பட்டி மருமக:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது மொத புள்ள, 22 வாரம் ஆகுது. ஊரு உசிலம்பட்டி பக்கம், வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை பாக்குறாரு, நான் மாமியார் வீட்டுல இருக்கேன். நாலாம் மாசம் தொடங்குனப்ப எங்க ஊரு நர்சம்மா ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடுற டிடி ஊசி, அதுல மொத ஊசி போட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே கையத் தூக்க முடியல, போட்ட எடம் செவந்து உள்ள கல்லா இறுகிப் போச்சு, லேசா காய்ச்சலும் வந்துச்சு, மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டுருச்சு ஆனா அந்த இறுக்கம் போக ஒரு வாரம் பக்கம் ஆச்சு. அதப் பாத்து எங்க அத்தை ரொம்ப பயந்துட்டாங்க. எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு ஊசி போட்ட அடுத்த வாரம் கரு கலைஞ்சிருச்சாம், அதுனால நர்சம்மா ரெண்டாவது ஊசிக்கு கூப்பிட்டு விட்டும் என்னைய அனுப்பல. இப்ப மதுரைக்கு ஸ்கேன் எடுக்கப் போனா அங்க டாக்டரம்மா டிடாப்னு ஒன்னு 27 வாரத்துக்கு மேல போடணும், ஃப்ளூ ஊசியும் போட்டுக்கோன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இத்தன ஊசி தேவையா, வயித்துல இருக்க புள்ளைக்கு எதுவும் ஆகாதா? ஏழாம் மாசம் வளைகாப்பு வேற வச்சிருக்காங்க, கை அப்படி வீங்கிக் கெடந்தா எப்படி வளையல் ஏத்துறது. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மேலூர் ரெண்டு புள்ளைக்காரி:

தங்கச்சி பயப்படாதம்மா, எனக்கும் ரெண்டு தடவையும் கை வலிச்சுச்சு, மூத்தவனுக்கு போட்டப்ப தலைய வாரக்கூட கைய மேல கொண்டு போக முடியாது, எங்கம்மா தான் சடை பின்னி விட்டுச்சு. ரெண்டு மூணு நாள்ல சரியாயிருச்சு, புள்ளைகளுக்கு ஒரு கொறையும் இல்ல.

டிடாப் பத்தி மட்டும் நான் கண்டிப்பா சொல்லணும். எங்க நாத்தனார் புள்ளைக்கு பொறந்து ஒரு மாசம் கூட ஆகல, வீட்டுல பெரியவுக ஒருத்தருக்கு ரொம்ப நாளா வறட்டு இருமல், எல்லாரும் சாதா இருமல்னு தான் விட்டாக. புள்ளைக்கு தொத்திக்கிச்சு. பச்சப்புள்ளைக்கு இருமல் சத்தம் கூட பெருசா வரலம்மா, பால் குடிக்கிறப்ப அப்படியே மூச்ச நிறுத்திக்கும், உதடு நீலம் பாரிச்சுப் போகும், முதுகுல தட்டுனா திரும்ப இழுக்கும். மதுரைக்குக் கொண்டு போயி ஐசியூல வச்சு காப்பாத்துனோம். கக்குவான் இருமல்னு சொன்னாக, டிடாப் அதுக்கும் சேத்துப் போடுற ஊசி தான். அத கண்ணால பாத்ததுனால ரெண்டாவதுக்கு நானே கேட்டு டிடாப் போட்டுக்கிட்டேன், வெளிய போட்டா ஆயிரம் ரூவாய்க்கு மேல ஆகும், வளைகாப்புக்கு ஆகுற செலவுல அது ஒன்னும் பெருசில்ல.

நர்சக்கா திருமங்கலம்:

தாயி, நான் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டயர்டு ஆனவ, வேலை முழுக்க திருமங்கலம் சுத்துப்பட்டு ஊருகள்ல தான். நீ எழுதுனதுல நெறைய விசயம் கெடக்கு, ஒவ்வொன்னா சொல்லுறேன், அத்தைக்கும் வாசிச்சுக் காட்டு.

கை வலி, செவப்பு, வீக்கம், லேசான காய்ச்சல், அசதி எல்லாம் இந்த ஊசிக்கு எதிர்பாக்குறது தான். மருந்து உள்ள போனதும் உடம்பு எதிர்ப்புச் சக்திய தயார் பண்ண ஆரம்பிக்குது, அதுனால தான் அந்த எடம் செவந்து வீங்குறது. ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும், உள்ள இறுகுனது கரைய மட்டும் கொஞ்சம் கூட நாளாகும். நல்லெண்ணெய் தடவி நீவி விடாத, துணிய பச்சத்தண்ணில நனைச்சு வை, கைய மெல்ல ஆட்டிக்கிட்டே இரு. காய்ச்சல் இருந்தா டாக்டர் சொன்ன அளவுல பாராசிட்டமால் போட்டுக்கலாம். ஆனா மெடிக்கல்ல போயி கை வலிக்குதுன்னு பொதுவா கேட்டா டைக்ளோபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ கிழிச்சுக் குடுத்துருவாக, அத வாங்கிப் போடவே கூடாது, 20 வாரத்துக்கு மேல அது புள்ளையோட கிட்னிய பாதிக்கும், பனிக்குடத் தண்ணி கொறையும். ஊசிய விட இந்த மாத்திரைக்கு தான் நான் பயப்படுவேன்.

எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா, ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல உதடு மூஞ்சி வீங்குறது, மூச்சுத் திணறல், ஒடம்பு பூரா தடிப்பு. ரொம்ப அபூர்வம், வந்தா நிமிசத்துல வரும், அதுக்கு தான் போட்ட எடத்துலயே அரை மணி நேரம் ஒக்கார வைக்கிறது, பஸ்ஸு போயிரும்னு எந்திரிச்சு வந்துறாத. வெறும் வயித்தோட போகாத, மயக்கம் வரலாம். அப்புறம் காய்ச்சல் ரெண்டு நாளத் தாண்டுனா ஊசி மேல பழியப் போட்டு வீட்டுல ஒக்காராத, டெங்குவா இருக்கலாம், யூரின் இன்ஃபெக்சனா இருக்கலாம். வயித்து வலி, ரத்தப்போக்கு, தண்ணி ஒடைஞ்சது, புள்ள அசைவு கொறைஞ்சது, இதெல்லாம் ஊசியோட பக்கவிளைவு லிஸ்ட்லயே கெடையாது, உடனே கெளம்பணும், வண்டி இல்லாட்டி 108.

உங்க தெரு அக்கா விசயம் மனசுக்கு கஷ்டமா இருக்கு. ஆனா ஒன்னு யோசிச்சுப் பாருங்க, ஊருல மாசமா இருக்க எல்லாருக்கும் பதிவு பண்ண ஒடனே அந்த மொத மாசங்கள்ல தான் ஊசி போடுறோம், கரு கலையுறதும் பெரும்பாலும் அதே மாசங்கள்ல தான், அதுல பாதிக்கு மேல குரோமோசோம் கோளாறுல தானா நடக்குறது. ரெண்டும் ஒரே வாரத்துல விழுந்தா ஊசினாலன்னு தான் தோணும். டிடி ஊசில உயிருள்ள கிருமியே கெடையாது, கிருமியோட விசத்த செயலிழக்கப் பண்ணி எடுத்த மருந்து, அது கருவுக்குப் போயி நோயக் குடுக்க வழியே இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட யாரும் ஊசி போட்டதுனாலன்னு சொல்லி மேல நோகடிக்காதீக.

ரெண்டாவது டிடி ஊசி நாலு வாரம் கழிச்சுப் போட வேண்டியது தள்ளிப் போச்சுன்னு கவலப்படாத, மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, இப்ப போட்டா போதும். 36 வாரத்துக்கு முன்ன போட்டுறணும். டிடாப்புலயும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ரெண்டுக்கும் மருந்து இருக்கு, கூட கக்குவானுக்கும் இருக்கு, அதுனால ரெண்டாவது டிடிக்கு பதிலா அதையே 27ல இருந்து 36 வாரத்துக்குள்ள போடுறதும் வழக்கம் தான், எதுன்னு டாக்டர்கிட்டயும் உங்க நர்சம்மாகிட்டயும் பேசி முடிவு பண்ணிக்க. வெளிய போட்டா தாய் சேய் அட்டைல தேதியோட எழுதி வாங்கிக்க, இல்லாட்டி பிஹெச்சில, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, அதே ஊசிய திரும்ப போட்டுருவாக. டிடாப் ஏன் அந்த நேரத்துலன்னா, ஒன் உடம்புல எதிர்ப்புச் சக்தி ஊற ரெண்டு வாரம் பக்கம் ஆகும், அது நஞ்சுக்கொடி வழியா புள்ளைக்கு போறது கடைசி மூணு மாசத்துல தான் அதிகம். புள்ளைக்கு கக்குவானுக்கு மொத ஊசி 6 வாரத்துல தான், அதுவரைக்கும் நீ குடுத்தனுப்புறது தான் அதுக்கு பாதுகாப்பு. ஒவ்வொரு பிரசவத்துக்கும் திரும்ப போடணும்.

ஃப்ளூ ஊசி எந்த மாசத்துலயும் போடலாம், செத்த கிருமில செஞ்சது. மாசமா இருக்கவங்களுக்கு ஃப்ளூ வந்தா நெஞ்சுல எறங்கி நிமோனியா ஆகுறது மத்தவங்கள விட அதிகம், 2009ல பன்றிக் காய்ச்சல் வந்தப்ப ஒலகம் பூரா பாத்தது தான். வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்னாடியோ முடிஞ்ச பெறகோ ஊசிய வச்சுக்க, எடது கைல போடச் சொல்லு, மேல் புஜத்துல தான் போடுவாக, வளையல் ஏத்துறதுக்கு ஒரு தொந்தரவும் வராது.

வாடிப்பட்டி பாண்டி:

நர்சக்கா கோவிச்சுக்காதீக, எங்க அப்பத்தா ஒம்பது பெத்துச்சு, ஒரு ஊசி கெடையாது, எல்லாம் வீட்டுல தான். இப்ப ஆஸ்பத்திரிக்கு போனாலே ஊசி ஊசின்னு பயமா இருக்கு, என் தங்கச்சியும் மாசமா இருக்கு அதுனால தான் கேக்குறேன். கம்பெனிக்காரன் காசுக்காக பண்ணுறது இல்லையா இது?

நர்சக்கா திருமங்கலம்:

கேக்குறதுல தப்பே இல்ல தம்பி. அப்பத்தா பெத்த ஒம்பதுல எத்தன தங்குச்சுன்னு வீட்டுல பெரியவுகள கேட்டுப் பாருங்க. அந்தக் காலத்துல தொப்புள்கொடிய அருவாள்லயும் பழைய பிளேடுலயும் அறுத்து புண்ணுல சாம்பலும் சாணியும் வைப்பாக, ரணஜன்னிக் கிருமி இருக்கதே மண்ணுலயும் சாணிலயும் தான். நல்லா பால் குடிச்சுக்கிட்டு இருந்த புள்ள ஒரு வாரத்துல வாய் பூட்டிக்கிட்டு பால் எறங்காம, தொட்டாலே வில்லா வளைஞ்சு வெட்டும். நான் வேலைக்குச் சேந்த புதுசுல இத பாத்துருக்கேன், அந்தத் தாய் அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. தாய்க்கு ஊசி போட்டு, ஆஸ்பத்திரில பிரசவம் பாத்து, 2015ல இந்தியாவுல இது ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாக. கிருமி இன்னும் மண்ணுல தான் இருக்கு, நம்ம விட்டா திரும்ப வரும். பிஹெச்சில டிடி ஊசிக்கு ஒரு பைசா கெடையாது, தங்கச்சிய கூட்டிட்டுப் போங்க.

அலங்காநல்லூர் முத்து:

இந்த பக்கத்த பாத்ததும் கேக்கணும்னு தோணுச்சு, அவசரம். என் வீட்டுக்காரிக்கு அஞ்சாம் மாசம், நேத்து சாயங்காலம் தெரு நாய் கெண்டைக்கால்ல கடிச்சிருச்சு, ரத்தம் வந்துச்சு. மாசமா இருக்கவ நாய்க்கடி ஊசி போட்டா புள்ள ஊனமா பொறக்கும்னு எங்க வீட்டுல சொல்லுறாக, மஞ்சள் வச்சு கட்டிருக்காக. என்ன பண்ணட்டும்?

நர்சக்கா திருமங்கலம்:

தம்பி இத படிச்ச நிமிசமே கெளம்புங்க. கட்ட அவுத்து மஞ்சள கழுவி, கொழாய்த் தண்ணில சோப்பு போட்டு 15 நிமிசம் விடாம கழுவுங்க, கட்டுப் போடாதீக. வெறிநாய்க்கடி நோய் வந்துருச்சுன்னா காப்பாத்த மருந்து கெடையாது, தாயும் இல்ல புள்ளையும் இல்ல. அந்த ஊசிய எந்த மாசத்துலயும் போடலாம், செயலிழந்த கிருமில செஞ்சது, அதுனால புள்ளைக்கு ஊனம் வராது. ரத்தம் வந்த கடிங்கிறதுனால புண்ணச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலினும் கேட்டு வாங்குங்க, அதையும் மாசமா இருக்கவங்களுக்குப் போடலாம். அங்க இல்லைன்னா நேரா மதுரை பெரியாஸ்பத்திரிக்கு போங்க. அரசு ஆஸ்பத்திரில இன்னைக்கு, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள்னு தேதி குடுப்பாக, ஒரு தேதியும் தப்பக் கூடாது. நாய் செத்துச்சா இருக்கான்னு பாத்துட்டு போடலாம்னு காத்துருக்காதீக.

அலங்காநல்லூர் முத்து:

கெளம்பிட்டோம்க்கா.

செல்லம்பட்டி மருமக:

அக்கா ரொம்ப நன்றி, அத்தைக்கு முழுசா வாசிச்சுக் காட்டுனேன், மெடிக்கல்ல மாத்திரை வாங்குறது பத்தி சொன்னதும் தான் முகமே மாறுச்சு, போன தடவ அவுக வாங்கிட்டு வந்தது பாராசிட்டமாலான்னு அட்டைய தேடி எடுத்துப் பாத்தாக, அது தான். நாளைக்கு நர்சம்மாவ பாக்க அவுகளே கூட வாரேன்னு சொல்லிட்டாக. இன்னும் ஒன்னு, 2017ல பள்ளிக்கூடத்துல தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டப்ப நான் ஒம்பதாவது, வாட்ஸப்ல என்னென்னமோ வந்துச்சுன்னு எங்கப்பா போட விடல. ரூபெல்லா வந்தா புள்ளைக்கு கண்ணு, காது, இதயம் பாதிக்கும்னு படிச்சேன், அதையும் இப்பவே போட்டுக்கலாமா?

நர்சக்கா திருமங்கலம்:

அது மட்டும் இப்ப வேண்டாம் தாயி. அது உயிருள்ள கிருமிய வலுவிழக்கப் பண்ணி செஞ்ச ஊசி, மாசமா இருக்கப்ப போடுறதில்ல, சின்னம்மை ஊசியும் அப்படித்தான். பிரசவம் ஆனதும் போட்டுக்கலாம், பால் குடுக்குறப்பவும் போடலாம், போட்ட பெறகு ஒரு மாசத்துக்கு மட்டும் அடுத்த கரு தங்காம பாத்துக்கணும். அதுவரைக்கும் தடிப்போட காய்ச்சல் வந்த புள்ளைக இருக்க வீட்டுக்கு போகாத, வளைகாப்புக்கு அப்படி யாரும் வந்தாலும் கிட்ட விடாத. உனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு ரத்தத்துல டெஸ்ட் பாக்கலாம், மதுரை டாக்டரம்மாகிட்ட அடுத்த தடவ போறப்ப கேளு. நாளைக்குப் போறப்ப சாப்புட்டுப் போ, அட்டைய மறக்காம எடுத்துட்டுப் போ.