காலை 4.40-க்கே விடிகிறது, குழந்தைகள் எழுந்துவிடுகிறார்கள்: உதவி தேவை

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர், ஷெர்வுட் காட்டுப் பக்கம் ஒரு விடுமுறைக் கிராமத்தில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறோம். திங்கள் வந்தோம், வெள்ளி காலை கிளம்ப வேண்டும். மூத்தவனுக்கு மூன்று வயது, சின்னவளுக்குப் பத்து மாதம். நால்வருக்கும் ஒரே படுக்கையறை.

ஜூன் கடைசி என்பதால் இரவு 9.30 வரை வெளிச்சம், காலை 4.40-க்கெல்லாம் சூரியன். அப்போதே சின்னவள் எழுந்து கத்த, மூத்தவனும் எழுந்துவிடுகிறான். அப்புறம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாத்துகள் வந்து நின்றால் தூக்கம் அவ்வளவுதான். மதியம் நீச்சல் குளத்தில் இருவரும் ஒரே அழுகை.

ஜன்னல் பெரியது, கிழக்குப் பார்த்தது. உறிஞ்சு குமிழ் வைத்த கருப்புத் திரையை ஒட்டினேன். இரவில் கண்ணாடி வியர்த்து, விடிவதற்குள் கீழே கிடக்கிறது. சமையலறை அலுமினியத் தாளைத் தண்ணீர் தொட்டு ஒட்டினால் நடுவில் நிற்கிறது, ஓரங்களில் ஒளி கசிகிறது. திரைக்கம்பியில் போர்வை மாட்டினால் கனம் தாங்காமல் சரிகிறது. தாமதமாகத் தூங்க வைத்தும் பயனில்லை. தொட்டிலைத் துணியால் மூடச் சொல்ல வேண்டாம், காற்றோட்டம் குறைந்து உள்ளே சூடேறும், அது ஆபத்து. சுவரில் ஆணி அடிக்கவும் முடியாது.

கார் வெளியே நிறுத்துமிடத்தில் இருக்கிறது. கிராமத்துக்குள் இருக்கும் சின்னக் கடையில் வாங்கக் கூடியதாக இருந்தால் நல்லது.

வியர்க்கும் கண்ணாடியில் காலை வரை விழாமல், பெயின்ட்டும் உரியாமல், இருட்டடிப்புத் திரையை எதை வைத்து ஒட்டினீர்கள்?