பேனிங் – தமிழில் என்ன சொல்லலாம்? (பழைய ஃபிளாட் டிராக் படங்களுக்காக)

குழுவினருக்கு வணக்கம்.

1970களின் அமெரிக்க ஃபிளாட் டிராக் பைக் பந்தயப் படங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதிவருகிறேன். மண் ஓடுதளம், முன்பிரேக் இல்லாத ஹார்லி எக்ஸ்ஆர்750, இடது பூட்ஸின் அடியில் எஃகுத் தகடு. வண்டி துல்லியமாக இருக்கும். பின்னால் வேலியும் கூட்டமும் கோடுகளாக இழுபட்டிருக்கும். ஓடும் வண்டியோடு கேமராவையும் திருப்பி எடுக்கும் இந்தப் பேனிங் உத்திக்குக் ‘கிடைத்திருப்பம்’ (கிடைமட்டத் திருப்பம்) சரிவருமா?

-----

> ‘கிடைத்திருப்பம்’ சரிவருமா?

வராது ஐயா. சினிமாவில் ஒரு வயல்வெளியைக் காட்டக்கூடக் கேமராவைத் திருப்புவார்கள். இங்கே ஓடும் வண்டியோடு கூடவே திரும்ப வேண்டும். அந்தக் ‘கூடவே’ சொல்லுக்குள் வர வேண்டும். ‘தொடர்வீச்சு’ எப்படி?

-----

‘வீச்சு’ அருமை. ‘தொடர்’தான் இடிக்கிறது. பிலிமைத் தானாக நகர்த்தும் மோட்டார் டிரைவில் நொடிக்கு 5 படம் எடுப்பதைத் தொடர்படம் என்கிறோம், இரண்டும் குழம்பும். ‘உடன்வீச்சு’ என்று வைப்போம்.

‘வீச்சு’ ஏன் வேண்டுமென்றால், செய்முறையே அதுதான். படம் விழ வேண்டிய இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் வண்டி வரும் பக்கம் முறுக்கிக்கொள்ள வேண்டும். ஃபோகஸை முன்கூட்டியே தடத்தின் மீது வைத்துவிட வேண்டும். வண்டி வந்ததும் முறுக்கு அவிழ்கிற போக்கில் ஓட்டுபவரின் ஹெல்மெட்டை வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் சன்னலில்) பிடித்தபடி திரும்பி, நடுவில் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் எஸ்எல்ஆர் கேமராவில் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பும் கண்ணாடி மேலே எழும், வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். அந்தக் கணத்தில் பலருக்குக் கை நின்றுவிடும், படம் கெடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஷட்டர் திறந்திருக்கும் 1/60 நொடியில் 46 செ.மீ. நகர்ந்துவிடுகிறதே! கதிர் அறுக்கும் கை, அறுத்த பிறகும் போய்த்தானே நிற்கும்? அதுபோல் அழுத்திய பிறகும் வீச்சு ஓட வேண்டும். ‘திருப்பம்’ என்ற சொல்லில் இது இல்லை.

-----

உடன்வீச்சுக்கு என் ஓட்டு. ‘உடன்திருப்பு’ என்றும் யோசித்தேன். புணர்த்தினால் ‘உடன்றிருப்பு’, கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடுகிறது. வினையாக ‘உடன்வீசி எடு’ என்பதும் நாக்கில் நிற்கிறது.

விளக்கத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். ஃபிளாட் டிராக்கில் வண்டி நேராகப் போவதில்லை. பின்சக்கரம் வெளியே சறுக்க, முன்சக்கரம் எதிர்ப்பக்கம் ஒடிந்து நிற்கும். சறுக்குக் கோணம் மாறிக்கொண்டிருந்தால் வண்டி தன்னைத்தானே சுற்றுகிறது என்று பொருள். அப்போது ஹெல்மெட் துல்லியமாக விழும், பின்சக்கரம் கலங்கும். இது பிழை அல்ல. இரண்டுமே வேண்டுமென்றால் கோணம் நிலைத்த நடுவளைவுவரை காத்திருக்க வேண்டும். 1/30 நொடியைவிட மெதுவான ஷட்டருக்குப் போனால் மண் மேடுபள்ளத்தில் வண்டி துள்ளுவதும் பதிந்து, ஹெல்மெட்டே இரண்டாகத் தெரியும்.

இரவுப் பந்தயங்களில் டிரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 1600க்குத் தள்ளிக் கழுவியும் வெளிச்சம் போதாது. மெதுவான ஷட்டரைத் தவிர வழி இல்லை. உடன்வீச்சு அங்கே அழகுக்காக வந்ததல்ல. ஆனாலும் என்ன அழகு! இன்று 1/2000இல் எடுத்த படத்தில் ஒவ்வொரு மண்துகளும் உறைந்து நிற்கிறது, வண்டியும் நிறுத்திவைத்ததுபோல் நிற்கிறது. பிலிமின் மணி பருத்துத் தெரியும் அந்தப் பழைய படங்களில் ஓட்டம் இருக்கிறது. அதற்கு நம் மொழியில் நல்ல பெயர் கிடைப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

-----

ஏற்கிறேன். குறிப்புகளை இந்த வடிவில் மாற்றுகிறேன்: “அரைமைல் ஓடுதளம், இரண்டாம் வளைவு. 180 மி.மீ. லென்ஸ், 1/60 நொடி, உடன்வீச்சு.” அடுத்து ‘புளூ குரூவ்’: டயர் ரப்பர் படிந்து கறுத்து மின்னும் அந்த ஒற்றைத் தடம். ‘நீலத்தடம்’ என்றால் நிறம் மட்டுமே தெரிகிறது. ‘ரப்பர்த்தடம்’ போதுமா?