புதுப்பிப்பு: புயலுக்குப் பின் எங்கள் தெரு

மரம் விழுந்து வாசல் அடைபட்டதையும், மின்சாரம் இல்லாததால் அம்மாவின் இன்சுலின் கெட்டுவிடுமோ என்று அஞ்சியதையும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் தீர்ந்துவிட்டன. அதிகம் பேசிப் பழகியிராத எதிர்வீட்டுக்காரர், மின்கம்பி எதுவும் அறுந்து கிடக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அரிவாளை எடுத்துக் கிளைகளைக் கழித்து, பக்கத்து வீட்டு இளைஞர்களோடு சேர்ந்து அடிமரத்தை உருட்டி வழி ஏற்படுத்தித் தந்தார். ஜெனரேட்டர் வைத்திருந்த அக்கா இன்சுலினைத் தம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். அத்துடன், ஜெனரேட்டரைச் சன்னல்களிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வெளியில்தான் வைக்க வேண்டும், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது என்று வீடு வீடாகச் சென்று எச்சரித்தார்; அதையே பேருதவி என்பேன். இவர்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கடைசி வீட்டின் கூரை இன்னும் சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே கூடுகிறோம்.