பர்வதமலைக்குத் தனியா: தண்டையார்பேட்டை குடும்பக் குழு

வேலு, இரவு 8:10
வர்ற ஞாயித்துக்கிழமை பர்வதமலை ஏறப் போறேன். கூட வர யாருக்கும் தோது படல, தனியாத்தான். சனிக்கிழமை சாயங்காலம் பீச் ஸ்டேஷன்ல திருவண்ணாமலை ரயில் பிடிச்சு போளூர்ல இறங்கி, அடிவாரத்துல இருக்கற தென்மாதிமங்கலம் போய் ராவோட ராவா ஏறிடலாம்னு இருக்கேன். அண்ணா, என்னென்ன எடுத்துக்கணும்?

தேவராஜ், 8:16
சாமான் அப்புறம். முதல்ல நேரத்தப் பாரு. அந்த ரயில் போளூர் போய்ச் சேர நடுராத்திரி நெருங்கிடும். தூக்கம் இல்லாம ஏறினா கால் வைக்கற இடம் தப்பும். போளூர்லயே ரூம் போட்டு அஞ்சு மணி நேரமாவது படு. விடிஞ்சதும் அடிவாரத்துல மலை ஏற எத்தனை மணி வரைக்கும் விடறாங்க, எத்தனை மணிக்குள்ள இறங்கணும்னு கேட்டுட்டு ஏறு.

கலா, 8:18
மாமா, தனியா போகவே வேணாம்னு சொல்லுங்களேன்.

தேவராஜ், 8:24
ஞாயித்துக்கிழமை அந்தப் பாதையில ஜனம் இருக்கும்மா. முன்னாடி பின்னாடி ஆள் நடக்கற மலை. காப்புக்காட்டுக்குள்ள ஒத்தையா போறேன்னு சொல்லியிருந்தா நானே தடுத்திருப்பேன். குரங்கணி தீ 2018 மார்ச் 11ல நடந்ததுக்கு அப்புறம் மலையேற்றத்துக்குன்னு அரசாங்கம் தனி விதியே கொண்டுவந்தாங்க. அனுமதி இல்லாம நுழையறது குற்றம். காட்டுப் பாதைதான் வேணும்னா ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்துல பதிவு பண்ணணும், வழிகாட்டியும் கூட வருவார். நம்ம திருவள்ளூர் பக்கம் குடியம் குகைப் பாதை கூட அதுல இருக்கு.

தேவராஜ், 8:25
தனியா போறவனுக்கு ஒரு துணை கட்டாயம் வேணும். அது மலையில இருக்கணும்னு இல்ல, வீட்டுல இருக்கலாம். இந்தத் தடவை அது நீதான் கலா.

கலா, 8:26
நான் இங்க இருந்து என்ன பண்ண முடியும்?

தேவராஜ், 8:41
நிறைய. காசிமேட்டுல மீன்பிடி படகு கடலுக்குப் போகும்போது டோக்கன் போட்டு, போறதப் பதிஞ்சுட்டுப் போகுதில்ல, அதே மாதிரிதான். வேலு ஒரு காகிதத்துல எழுதி உன் கையில குடுக்கணும். எந்தப் பாதையில ஏறுறான், எதுல இறங்குறான். தென்மாதிமங்கலம் வழி ஒண்ணு, கடலாடி வழி ஒண்ணு. ஒண்ணுல ஏறி இன்னொண்ணுல இறங்கினா தேடறவங்க தப்பான பக்கம் தேடுவாங்க. அதனால ஏறின வழியிலயேதான் இறங்கணும். சட்டை நிறம், ரத்த வகை, சாப்பிடற மாத்திரை, ரெண்டு போன் நம்பர். கூடவே நாலு நேரம்:
ஏற ஆரம்பிக்கறது காலை 6:00.
திரும்பற நேரம் 11:00. உச்சிக்குப் போயிருந்தாலும் சரி, பாதியில இருந்தாலும் சரி, 11 ஆனா இறங்கணும்.
அடிவாரத்துல இருக்க வேண்டியது 3:00.
தகவல் வரலேன்னா கலா உதவிக்கு போன் அடிக்கற நேரம் 5:00.

கலா, 8:43
மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் சும்மா உட்காரணுமா மாமா? என்னால முடியாது.

தேவராஜ், 8:52
சும்மா இல்ல. அரை மணிக்கு ஒரு தடவை அவன் நம்பருக்குப் போடு, ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பு. மலையில சிக்னல் வந்து வந்து போகும், சார்ஜ் தீரும், கூட்டத்துல இறங்க லேட்டாகும். நூத்துக்குத் தொண்ணூறு லேட்டு அதுதான். ஆனா 5 தாண்டினா ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’னு நினைக்கக் கூடாது. இருட்டினா தேடறது ரொம்பக் கஷ்டம், வெளிச்சம் இருக்கும்போதே ஆள் ஏறணும். அவசர உதவி எண் 112க்கு அடிச்சு, எடுத்த எடுப்புல ‘திருவண்ணாமலை மாவட்டம், கலசப்பாக்கம் தாலுகா, பர்வதமலை, தென்மாதிமங்கலம் பாதை’னு சொல்லு. நீ பேசறது சென்னையில இருந்து, ஆள் இருக்கறது அங்க. அதச் சொல்லாம மத்ததச் சொன்னா நேரம் போயிடும். அப்புறம் பேர், வயசு, சட்டை நிறம், கடைசியா எத்தனை மணிக்கு எங்க இருந்து பேசினான், சுகர் இருக்குங்கறது.

தேவராஜ், 8:53
வேலு, கீழ வந்ததும் முதல் வேலை ‘இறங்கிட்டேன்’னு தகவல். டீ குடிக்கறதுக்கு முன்னாடி. பல பேர் மறக்கறது இதத்தான். அங்க இவன் பஸ்ல தூங்கிட்டு இருப்பான், இங்க ஊரே தேடும்.

அருண், 9:01
சித்தப்பா, ‘வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் போட்டுட்டேன், போதும்’னு இருந்துடாதீங்க. அது அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும். டேட்டா இல்லேன்னா கடைசியா சிக்னல் கிடைச்ச இடத்துலயே புள்ளி நின்னுடும். சித்தி அதப் பார்த்து ‘ஒரே இடத்துல இருக்காரே’னு பயப்படுவாங்க. டேட்டா இல்லாத இடத்துலயும் எஸ்.எம்.எஸ். சில சமயம் போயிடும், அத நம்புங்க.

அருண், 9:05
சிக்னல் இல்லாத இடத்துல போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். ஃப்ளைட் மோட்ல போட்டுட்டு அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஃப்ளைட் மோட்லயும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், மேப்பை மட்டும் இங்கயே டவுன்லோட் பண்ணிக்கணும். மேப்புல நீலப் புள்ளிய அழுத்திப் பிடிச்சா ரெண்டு எண் வரும். தசமப் புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் சொன்னாலே போதும், பத்துப் பதினஞ்சு மீட்டருக்குள்ள இடம் தெரிஞ்சிடும். உங்க கம்பெனி சிக்னல் இல்லேன்னாலும் 112 அடிச்சுப் பாருங்க, வேற கம்பெனி டவர் இருந்தா அதுல போகும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒண்ணு, வயரை மறக்காதீங்க.

வேலு, 9:07
உன் ஃப்ரெண்டு அமெரிக்காவுல இருந்து சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்பற கருவி வாங்கிட்டு வந்தானே, அத வாங்கித் தரியா?

அருண், 9:08
வேணாம் சித்தப்பா. நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம அத வச்சிருக்கறதே தப்பு. ஏர்போர்ட்ல பிடிச்ச கதையெல்லாம் உண்டு. விசில் வாங்குங்க.

தேவராஜ், 9:14
ஆமா, உள்ள பட்டாணி மாதிரி உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில். பட்டாணி நனைஞ்சா சிக்கிக்கும். பைக்குள்ள போடாத, கழுத்துல தொங்கணும். விழுந்தா பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் கிடப்பான். ஒரு நிமிஷத்துல ஆறு ஊது, ஒரு நிமிஷம் சும்மா இரு, திரும்ப ஆறு. ராத்திரின்னா டார்ச்சுலயும் அதே கணக்கு. பதிலுக்கு மூணு வந்தா கேட்டுடுச்சுன்னு அர்த்தம், ஆனா நிறுத்தாத. ஆள் பக்கத்துல வர்ற வரைக்கும் ஊது. கத்தினா பத்து நிமிஷத்துல தொண்டை கட்டிடும்.

வசந்தா, 9:20
*அனுப்பப்பட்ட செய்தி*
பாம்பு கடித்தால் உடனே கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டவும். பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்றவும். அனைவருக்கும் பகிரவும்.

நித்யா, 9:21
அம்மா, இத டிலீட் பண்ணு.

நித்யா, 9:29
வேலு மாமா, அதுல ஒண்ணு கூட செய்யாதீங்க. இறுக்கிக் கட்டினா கால் செத்துப்போகும், அவிழ்த்த உடனே விஷம் மொத்தமா ஏறும். கீறினா, விரியன் கடின்னா ரத்தம் நிக்கவே நிக்காது. உட்காருங்க. மோதிரம், வாட்ச், அரைஞாண், செருப்பு எல்லாத்தையும் கழட்டுங்க, வீங்கினா மாட்டிக்கும். கடிபட்ட காலை அசையாம வச்சுட்டு 108க்கு அடிங்க, விசில் ஊதுங்க. கூட்டம் இருக்கற பாதை, தூக்கிட்டு இறங்க ஆள் கிடைக்கும். பாம்பைத் தேடவோ அடிக்கவோ வேணாம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அது அரசு ஆஸ்பத்திரியில இருக்கும். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, அதனால ‘ஒண்ணுமில்ல’னு நடந்துடாதீங்க.

நித்யா, 9:40
பாம்பை விட எனக்கு உங்க சுகர்தான் பயம். சாமி மலைன்னு வெறும் வயித்துல ஏறுவீங்க, காலையில மாத்திரையும் போட்டிருப்பீங்க. மூணு மணி நேரம் ஏறினா சுகர் சர்ருனு இறங்கும். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, எரிச்சல். மலை ஏறினா எல்லாருக்கும் வேர்க்கும்ங்கறதால, களைப்புன்னு நினைச்சு இன்னும் நாலு படி ஏறுவீங்க. அங்கதான் ஆபத்து, கொஞ்ச நேரத்துல யோசிக்கற புத்தியே போயிடும். நடுங்கினா உடனே உட்கார்ந்து குளுக்கோஸ் 15 கிராம், அதாவது மூணு டீஸ்பூன், தண்ணியில கலந்து குடிங்க. 15 நிமிஷம் கழிச்சு மெஷின்ல பாருங்க. 70க்குக் கீழேயே இருந்தா இன்னொரு 15 கிராம். சுகர் ஏறினதும் பிஸ்கட், கடலைமிட்டாய் ஏதாவது சாப்பிடணும், இல்லேன்னா மறுபடி இறங்கும். அதுக்கப்புறம் மேல போறது இல்ல, இறங்கறதுதான்.

வேலு, 9:42
சரிம்மா. தண்ணி எவ்வளவு?

நித்யா, 9:47
நாலு லிட்டர். வழியில கடை இருக்கும்னு நம்பாதீங்க. ரெண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பெரிய பாக்கெட் ஒண்ணு சரியா ஒரு லிட்டர்ல. அரை லிட்டர்ல கரைச்சா உப்பு கூடி வயிறு கெடும். வெறும் தண்ணியாவே குடிச்சுட்டு இருந்தாலும் உப்பு குறைஞ்சு தலை சுத்தும், மாத்தி மாத்திக் குடிங்க. நாலு இஞ்ச் கிரேப் பேண்டேஜ் ஒண்ணு. கால் பிசகினா, இறங்கித்தான் ஆகணும்னா ஷூவைக் கழட்டாம மேலயே சுத்துங்க, கழட்டினா வீங்கித் திரும்ப நுழையாது.

தேவராஜ், 9:55
மேல கடப்பாறையும் சங்கிலியும் பிடிச்சு ஏறற பாறை வரும். மழை பெஞ்சிருந்தா அங்கேயே திரும்பிடு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 எண்றதுக்குள்ள சத்தம் வந்துட்டா அந்த இரும்பைத் தொடாத, பாறையில இருந்து இறங்கு. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் போகணும். ஓடையில தண்ணி கலங்கி வந்தா மேல மழைன்னு அர்த்தம், தாண்டாத. சென்ட், பத்தி எதுவும் வேணாம், பாறை இடுக்குல மலைத்தேனீ இருக்கும். கலைஞ்சா துணியால முகத்தை மூடிட்டு நிக்காம ஓடு. கைய வீசி விரட்டாத. கொடுக்கை உடனே வழிச்சு எடுத்துடு, கொட்டின இடத்து வாசனைக்கு இன்னும் வரும்.

கலா, 10:03
காகிதம் எழுத உட்கார்ந்தாச்சு. சட்டை ஆரஞ்சு. மாத்திரை கிளிமிபிரைடு 1, மெட்பார்மின் 500னு அட்டையில இருக்கு. நித்யா, அன்னைக்குக் காலையில போடலாமா?

நித்யா, 10:06
நடுக்கம் குடுக்கறது அந்த கிளிமிபிரைடுதான் அத்தை. நாமளா நிறுத்தவும் கூடாது, வெறும் வயித்துல போடவும் கூடாது. நாளைக்கே மாமாவை டாக்டர்கிட்ட அனுப்புங்க, ‘ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி நேரம் மலை ஏறி இறங்கறேன்’னு சொல்லி அளவு கேட்கட்டும். கேட்டதையும் அந்தக் காகிதத்துலயே எழுதிடுங்க. அட்டையை போட்டோ எடுத்து இங்க போடுங்க, மாமா போன்ல லாக் ஸ்கிரீன்லயே அவசரத் தகவல்ல அருண் சேர்த்துடுவான்.